கம்பியில்லா இணையமும் கருங்கல் சுவரும்

மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கத்துச் செயலாளர் கடைக்கு வந்து கேட்டபோது, ஏலக்காய் வியாபாரத்தைப் பற்றியோ போடிமெட்டுச் சாலையைப் பற்றியோ எழுதித் தருவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார். "இந்தத் தடவை ரூட்டரைப் பத்தி எழுதுறேன்" என்றதும் கொஞ்சம் தயங்கினார். "அதுக்கு நீங்க எதுக்கு ஐயா? பசங்ககிட்டக் கேட்டாச் சொல்லிட்டுப் போறாங்க" என்றார்.

பசங்களைக் கேட்டுத்தான் நான் ஆறாயிரத்துச் சொச்சம் ரூபாயைத் தொலைத்தேன். ஆகவே இந்தக் கட்டுரை.

முதலில் பெயரைப் பார்த்துவிடுவோம். ரூட்டர் என்பதற்குத் தமிழில் 'திசைவி' என்ற சொல் வழங்குகிறது. நல்ல சொல்தான். ஆனால் கடையில் போய்த் திசைவி கொடு என்றால் திசைகாட்டியை எடுத்து நீட்டுவான். ஆனபடியால் இங்கே ரூட்டர் என்றே எழுதுகிறேன். அதன் வேலை தபாலாபீஸில் கடிதம் பிரிக்கிறவரின் வேலை. ஊருக்கு ஒரே தபால் பை வருகிறது. இது கடைக்கு, இது எஸ்டேட் ஆபீஸுக்கு, இது மூன்றாவது லயத்துக்கு என்று அவர் பிரித்து அனுப்புகிறார். அதைப் போல வீட்டுக்குள் வரும் ஒரே இணைய இணைப்பைக் கணினிக்கு இவ்வளவு, கைபேசிக்கு இவ்வளவு, தொலைக்காட்சிக்கு இவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் உள்வீட்டு முகவரி கொடுத்துப் பிரித்து அனுப்புவது ரூட்டர். கம்பியில்லாமல் வானலை வழியாக அனுப்பினால் அது வை-ஃபை ரூட்டர். வெளியிலிருந்து வரும் கம்பியின் மொழியைப் புரிந்துகொள்வது மோடம் என்கிற வேறொரு கருவி. இந்தக் காலத்துக் கண்ணாடியிழை இணைப்பில் இரண்டையும் ஒரே பெட்டியில் அடைத்தே கம்பெனிக்காரர்கள் கொடுத்துவிடுகிறார்கள். இது தெரியாமல் கம்பெனிப் பெட்டியிலேயே நல்ல வை-ஃபை இருக்கும்போது தனியாக ஒன்று வாங்கி வைத்திருப்பவர்கள் எங்கள் பஞ்சாயத்திலேயே பத்துப் பேர் தேறுவார்கள்.

இனி என் கதை. 2020-ல் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது என் மகனும் மருமகளும் பெங்களூரில் இருந்தார்கள். இருவருக்கும் கணினி வேலை, இரண்டு பிள்ளைகள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கம்பெனி சொன்னதும், பாஸ் வாங்கிக்கொண்டு குமுளி வழியாகச் சுற்றி வந்து சேர்ந்தார்கள். அப்போது போடிமெட்டு வழி திறக்கவில்லை. என் வீட்டுக்காரிக்குப் பேரப்பிள்ளைகளைச் சேர்ந்தாற்போல ஒரு மாதம் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது. வந்த மூன்றாம் நாளே மகன் சொல்லிவிட்டான்: "அப்பா, நெட் சரியா இருந்தா இங்கேயே இருப்போம். இல்லேன்னா திரும்பிப் போறதைத் தவிர வழியில்லை." அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அன்றிரவு அவள் தூங்கவில்லை.

எங்கள் வீட்டின் அமைப்பைச் சொல்ல வேண்டும். ரோட்டுப் பக்கம் கடை. அதை ஒட்டி நடுவில் பழைய வீடு, ஒன்றரை அடிக் கருங்கல் சுவர். அதற்குப் பின்னால் பிற்பாடு கட்டின இரண்டு அறைகள், ஹாலோபிளாக் சுவர், தகரக் கூரை. இணையக் கம்பி கடைக்குள் வருகிறது. மருமகளுக்கு அமைதியான இடம் என்று கொடுத்ததோ கடைசி அறை. கடையில் நான்கு கோடும் முழுசாகக் காட்டும் கைபேசி, அடுக்களையில் இரண்டாகும், பின்னறையில் ஒன்றும் இருக்காது. அவள் ஏலக்காய் ஸ்டோர் திண்ணையில் சாக்கு மூட்டையின் மேல் கணினியை வைத்துக்கொண்டு நின்றபடி கூட்டம் பேசியதை நான் பார்த்தேன். மழை சாய்வாக அடித்ததும் கணினியை மாராப்பில் மூடிக்கொண்டு உள்ளே ஓடி வந்தாள்.

ஊரடங்கு கொஞ்சம் தளர்ந்ததும் கீழே ஒரு கடையில் சொல்லி, இருப்பதிலேயே பெரிய ரூட்டர் ஒன்றை வரவழைத்தோம். ஆறு கொம்பு. மல்லாக்கப் போட்ட நண்டு மாதிரி இருந்தது. "ரெண்டு மாடி வீட்டுக்கே போதும் சார்" என்றார் கடைக்காரர். அதைக் கடையில் பழைய பெட்டி இருந்த அதே இடத்தில் வைத்தோம். அடுக்களையில் இரண்டு கோடு மூன்றானது. பின்னறையில் ஒரு கோடு வந்தது, போனது. அவ்வளவுதான். பணம் போனதோடு மகன் பெங்களூர் வீட்டுக்காரரிடம் போனில் பேச ஆரம்பித்துவிட்டான்.

எங்கள் வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிடும். ராத்திரி நீளமாகக் கிடைக்கும், படிக்க. வாழ்நாள் முழுக்க ஏட்டுச் சுவடியும் கல்வெட்டும் படித்த ஆள், அந்த மாதம் வானலையைப் படித்தேன். படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, இந்தப் பாடத்தின் மிக நல்ல உதாரணம் எங்கள் மலைக்குக் கீழேயே, தேனியில், நடந்து முடிந்திருக்கிறது என்பது.

தேனியில் நடந்தது

போடிமெட்டில் இரவில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பதினேழு கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கீழே போடியின் விளக்கும், அதற்கப்பால் தேனிச் சமவெளியின் விளக்குகளும் கைக்கு எட்டுகிற மாதிரித் தெரியும். அந்தச் சமவெளியில் 2005-06 வாக்கில் அரவிந்த் கண் மருத்துவமனை ஒரு காரியம் செய்தது. மதுரையில் 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய மருத்துவமனையின் தேனிக் கிளை அது. போடி, ஆண்டிபட்டி, சின்னமனூர், பெரியகுளம் என்று சுற்றுவட்டாரத்தில் சிறு கண் பரிசோதனை மையங்களைத் திறந்தார்கள். அங்கே டாக்டர் இருக்க மாட்டார், பயிற்சி பெற்ற பெண் ஊழியர்கள்தான். நோயாளி அந்த மையத்தில் உட்கார்ந்தபடியே தேனியில் இருக்கும் டாக்டரிடம் திரையில் முகம் பார்த்துப் பேச வேண்டும். அந்தக் காலத்தில் கிராமத்துத் தொலைபேசிக் கம்பியில் படம் ஓடாது. என்ன செய்வது?

அமெரிக்காவில் பெர்க்லி நகரத்துக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்திலிருந்து பேராசிரியர் எரிக் புருவரின் ஆய்வுக்குழு வந்து அவர்களோடு சேர்ந்தது. அவர்கள் எடுத்துக்கொண்டது ராணுவக் கருவி அல்ல, செயற்கைக்கோளும் அல்ல. நம் வீட்டு ரூட்டருக்குள் இருக்கும் அதே வை-ஃபை. அதோடு ஒரே திசையில் பார்க்கும் ஆன்டெனாவை இணைத்து, உயரமான கோபுரத்தில் மாட்டி, ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்க்க வைத்தார்கள். மருத்துவமனைக்கும் மையங்களுக்கும் இடையே ஒரு கிலோமீட்டரிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் வரை தூரம். படமும் பேச்சும் ஓடின. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை லைசென்ஸ் இல்லாமல் வெளியிடத்திலும் பயன்படுத்தலாம் என்று இந்திய அரசு 2005 ஜனவரியில்தான் அறிவித்திருந்தது. அதற்கு முன் கட்டடத்துக்குள் மட்டும்தான் அந்தச் சலுகை.

மென்பொருளில் ஒரு மாற்றம் தேவைப்பட்டது. வை-ஃபையில் ஒரு பக்கம் செய்தி அனுப்பினால் மறுபக்கம் "கிடைத்தது" என்று உடனே பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் போய்ச் சேரவில்லை என்று நினைத்து மறுபடி அனுப்பும். வானலை ஒரு மைக்ரோ வினாடியில் 300 மீட்டர்தான் போகும். பதினைந்து கிலோமீட்டருக்குப் போக மட்டும் ஐம்பது மைக்ரோ வினாடி. வீட்டுக்காகச் செய்த கருவிக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அந்த அவசரக் குணத்தை மாற்றி எழுதினார்கள். இப்படி மாற்றி, வெனிசுவேலா நாட்டில் இரண்டு மலைமுடிகளுக்கு நடுவே 2007-ல் 382 கிலோமீட்டர் வரை வை-ஃபையை அனுப்பியிருக்கிறார்கள்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. தேனியிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் போகிற சரக்கு, என் கடையிலிருந்து இருபது மீட்டர் தள்ளிய பின்னறைக்குப் போகவில்லை! காரணம் வலுவில்லாமையா? இல்லை. அங்கே நடுவில் காற்று, இங்கே நடுவில் கருங்கல். நான் ஆறு கொம்புக்குக் கொடுத்த பணம் தப்பான இடத்தில் கொடுத்த பணம்.

அந்த ஆய்வுக்குழு பிறகு எழுதிய அனுபவக் குறிப்புகளில் இன்னொரு விஷயம் இருக்கிறது, அது நமக்கு இன்னும் முக்கியம். கருவிகள் பழுதானதற்குப் பெரும்பான்மையான காரணம் வானலையும் இல்லை, மென்பொருளும் இல்லை, கரண்ட். கிராமம் ஒன்றில் மின்சாரத்தை அளந்து பார்த்தால் சில நேரம் 70 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது, சில நேரம் 350-க்கு மேல் ஏறியிருந்தது, கண்ணிமைக்கும் நேரத்துக்கு 500-ம் அடித்திருந்தது. இதைப் பின்னால் சொல்கிறேன்.

அலையும் சுவரும்

நம் ரூட்டர்கள் இரண்டு அலைவரிசையில் பேசும், 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ். முதலாவதின் அலைநீளம் சுமார் பன்னிரண்டரை சென்டிமீட்டர், அதாவது ஒரு சாண் கூட இல்லை. இரண்டாவது அதில் பாதிக்கும் குறைவு. திருவிழாக் கச்சேரியை ஊர்க்கோடியிலிருந்து கேட்டுப் பாருங்கள். தவிலின் தொப்பிச் சத்தம் சுவரைத் தாண்டி வந்துவிடும், தாளத்தின் கிண்கிண் ஒலி வராது. 2.4 தவில், 5 தாளம். 2.4 தூரம் போகும், சுவரை ஓரளவு தாண்டும், ஆனால் வேகம் குறைவு, கூட்டமும் அதிகம். 5 வேகமானது, ஆனால் ஓர் அறை, இரண்டு அறையோடு சோர்ந்துவிடும். இரண்டும் உள்ள 'டூயல் பேண்ட்' ரூட்டரைத்தான் வாங்க வேண்டும். விலை வித்தியாசம் சில நூறு ரூபாய்தான். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

சுவரைத் தாண்டும் வானலையை நம் நாட்டவரே முதலில் காட்டினார் என்பதை இங்கே சொல்லாமல் போக மனமில்லை. 1895-ல் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், கம்பியில்லாமல் அலையை அனுப்பி, தள்ளியிருந்த மணியை அடிக்க வைத்து, வெடிமருந்தையும் பற்ற வைத்துக் காட்டினார். அவர் பயன்படுத்தியது இன்றைய வை-ஃபையை விடவும் நுண்ணிய, மில்லிமீட்டர் கணக்கிலான அலை.

எதெது தடுக்கும்? பலகைத் தடுப்பு ஒன்றும் செய்யாது. செங்கல் கொஞ்சம் குடிக்கும். கான்கிரீட், கருங்கல் நிறையக் குடிக்கும், மழைக்காலத்தில் ஊறின சுவர் இன்னும் கொஞ்சம். தகரம் குடிக்காது, திருப்பி அடித்துவிடும். இரும்பு பீரோ, குளிர்ப்பெட்டி, பெரிய நிலைக்கண்ணாடியின் பின்பூச்சு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அப்படித்தான். நம் மலைப்பக்கத்தில் குளிருக்காகக் கூரைக்கு அடியில் பளபளவென்று அலுமினியத் தாள் ஒட்டுகிறார்களே, அதுவும் சேர்த்தி. ஏலக்காய் ஸ்டோர் வைத்திருப்பவர்கள் உலர்த்தும் அறைக்குள் வை-ஃபை வரவில்லை என்று யாரையும் திட்ட வேண்டாம், அது இரும்புப் பெட்டிக்குள் ரேடியோ வைத்த கதை.

ஆன்டெனாவைப் பற்றி ஒரு தப்பெண்ணம் பரவலாக இருக்கிறது. கொம்பின் நுனியை எந்தப் பக்கம் நீட்டுகிறோமோ அந்தப் பக்கம் அலை பாயும் என்று நினைத்து, எங்கள் வீட்டில் ஆறையும் பின்னறையைப் பார்த்துச் சாய்த்து வைத்தோம். சுத்தத் தவறு. கொம்பிலிருந்து அலை உளுந்து வடை வடிவத்தில் பரவும். கொம்பு வடையின் ஓட்டையில் குத்தின குச்சி. நுனியின் நேர்த்திசையில் ஓட்டைதான் இருக்கும், அலை பக்கவாட்டில்தான். எனவே ஒரே தளத்து வீட்டில் கொம்பு நிமிர்ந்து நிற்க வேண்டும். மாடி இருந்தால் ஒன்றைப் படுக்க வைக்கலாம். அட்டைப் பெட்டியில் 'டிபிஐ' என்று ஓர் எண் போட்டு, அதிகமானால் நல்லது என்பார்கள். எண் ஏற ஏற வடை தட்டையாகித் தோசையாகும், அவ்வளவே. மாவு அதே மாவுதான். மாவின் அளவுக்குச் சட்டப்படி உச்ச வரம்பும் உண்டு.

தூரம் இரண்டு மடங்கானால் வெறும் காற்றிலேயே வலு நாலில் ஒன்றாகும். ஆகவே ரூட்டரை வாங்குவதற்கு முன் அதை வைக்கும் இடத்தைப் பாருங்கள். வீட்டின் நடுவில், ஆள் உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் இருக்க வேண்டும். அழகாக இல்லை என்று தொலைக்காட்சிக்குப் பின்னாலோ அலமாரிக்குள்ளோ ஒளித்து வைக்கிறவர்கள் எந்த விலையில் வாங்கினாலும் ஒன்றுதான். மைக்ரோவேவ் அடுப்பு பக்கத்தில் வேண்டாம், அதுவும் இதே 2.4 பக்கத்தில்தான் வேலை செய்கிறது. கைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் வை-ஃபை அளக்கும் செயலி ஒன்றை இறக்கிக்கொண்டு அறை அறையாக நடந்து பார்க்கலாம். மைனஸ் 50 என்றால் நன்று, மைனஸ் 67 வரை முகம் பார்த்துப் பேசலாம், மைனஸ் 80 என்றால் ஆசையை விட்டுவிடலாம். மைனஸ் கணக்கில் சின்ன எண்தான் நல்ல எண் என்பதை மறக்கக் கூடாது. என் பேத்தி நோட்டுப் புத்தகத்தில் வீட்டின் படம் வரைந்து அறைக்கு அறை எண் எழுதினாள். கடையில் மைனஸ் 38, பூஜை அறையில் மைனஸ் 66, பின்னறையில் மைனஸ் 86. அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு கருங்கல் சுவர்தான் மொத்தத்தையும் விழுங்குகிறது.

சங்கத்து அன்பர்களில் மூணாறு பக்கத்து லயங்களில் இருப்பவர்களுக்கும், எர்ணாகுளத்தில் அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கும் வேறு தொல்லை. அங்கே சுவரை விடப் பக்கத்து வீடுதான் எதிரி. 2.4-ல் நம் நாட்டில் பதின்மூன்று சேனல் உண்டு என்றாலும், ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் இருப்பவை 1, 6, 11 என்று மூன்றே. பத்து வீடும் ஆறாம் சேனலில் கத்தினால் யாருக்கும் கேட்காது. செயலியில் பார்த்து, ஆள் குறைந்த சேனலுக்கு மாற்றிக்கொள்ளலாம். சின்னக்கானலில் இப்போது ரிசார்ட்டுகள் முளைத்த வேகத்தில் எங்களுக்கே அந்தத் தொல்லை எட்டிப் பார்க்கிறது.

அட்டைப் பெட்டிக் கணக்கு

இப்போது பெட்டி மேல் போட்டிருக்கும் எண்கள். 'ஏசி 1200' என்று இருந்தால் வினாடிக்கு 1200 மெகாபிட் என்று பிள்ளைகள் சொல்வார்கள். 2.4-ல் 300, 5-ல் 867, இரண்டையும் கூட்டி 1167, அதை உருட்டி 1200. ஒரு கைபேசி ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் பேசும் என்பதால் இந்தக் கூட்டுத்தொகை யாருக்கும் கிடைக்காது. இரண்டு கடையின் வருமானத்தைக் கூட்டி ஒரு கடையின் பெயர்ப்பலகையில் எழுதுவது போல. அந்த 867-லும் நடைமுறையில் பாதி கிடைத்தால் பாக்கியம். சரி, நாம் மாதம் கட்டுகிற திட்டம் எவ்வளவு? எங்களுடையது அப்போது 40 மெகாபிட். வாய்க்காலில் வருவதே அவ்வளவுதான் எனும்போது வயலுக்குள் மதகைப் பெரிசாக வெட்டி என்ன?

இந்தத் தொழில்நுட்பத்தின் முதல் தரம் 1997-ல் வந்தபோது வேகம் வெறும் 2 மெகாபிட். 1999-ல் 11, 2003-ல் 54, பிறகு 2009-ல் 'என்', 2013-ல் 'ஏசி'. எழுத்துக் குழப்பம் தாங்காமல் 2018 முதல் வை-ஃபை 4, 5, 6 என்று எண் கொடுத்துவிட்டார்கள், அது நல்ல காரியம். வை-ஃபை 6 பல கருவிகள் ஒரே சமயத்தில் இருக்கும் வீட்டில் வரிசை முறையாகப் பங்கிட்டுக் கொடுப்பதில் கெட்டி. ஏழுக்கும் 2024 முதல் சான்று கொடுக்கிறார்கள். இன்று புதிதாக வாங்குகிறவர் ஆறை வாங்கினால் போதும் என்பது என் கட்சி. ஏழு வேண்டுமென்றால் கைபேசியும் கணினியும் ஏழாக இருக்க வேண்டும்.

கடைக்காரர் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். விலை குறைந்த சில ரூட்டர்களில் வானலைப் பக்கம் பெரிய எண் இருக்கும், ஆனால் பின்பக்கத்துக் கம்பித் துளைகள் 100 மெகாபிட்டோடு நின்றுவிடும். உங்கள் திட்டம் 100-க்கு மேல் என்றால் துளைகள் 'கிகாபிட்' தானா என்று கேட்டு வாங்குங்கள். 'ரிப்பீட்டர்' என்று சுவர் பிளக்கில் மாட்டும் சின்னப் பெட்டியையும் தலையில் கட்டுவார்கள். அது கேட்டதைத் திரும்பச் சொல்லும் கருவி. ஒரே வாயால் கேட்கவும் சொல்லவும் வேண்டியிருப்பதால் வேகம் பாதியாகும். அதோடு, அலை போய்ச் சேராத பின்னறையில் அதை மாட்டினால், கேட்காததை எப்படித் திரும்பச் சொல்லும்?

இடி, கரண்ட், பூட்டு

நம் பக்கத்தில் ரூட்டரைக் கொல்வது வயசு அல்ல, துலாவர்ஷம். தொலைபேசிக் கம்பியில் இணையம் வந்த காலத்தில் மூன்று மோடம்களை ஐப்பசி இடிக்குப் பலி கொடுத்தேன். மூன்றாவது தடவை மோடமோடு கணினியும் போயிற்று. அதில் நான் எட்டு வருஷமாகத் தட்டச்சு செய்து வைத்திருந்த சுவடிப் பிரதி ஒன்றும் இருந்தது. பிரதி எடுத்து வைக்காதது என் குற்றம். பிளக்கை அணைத்திருந்தேன், பிடுங்கவில்லை. சுவிட்சில் இருக்கும் இடைவெளி மின்னலுக்கு ஒரு பொருட்டா? துலாவர்ஷக் காலத்தில் பிற்பகல் 2 மணியிலிருந்து இரவு 10 மணி வரை மின்னலுக்கு வாய்ப்பு அதிகம் என்று கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வருஷா வருஷம் எச்சரிக்கிறது. வானம் கறுத்தால் கரண்ட் பிளக், கம்பி இரண்டையும் பிடுங்கிவிட வேண்டும். பிள்ளைகள் கத்தினாலும் சரி.

கண்ணாடியிழையில் மின்சாரம் ஓடாது, வெளிச்சம்தான் ஓடும், அதனால் இந்தப் பயம் பெரும்பகுதி குறைந்தது. ஆனால் சில இழைக் கம்பிகளோடு தாங்குவதற்கென்று ஒரு உருக்குக் கம்பியும் வரும். அதை வீட்டுக்குள் ரூட்டர் வரை கொண்டுவராமல் வெளியிலேயே வெட்டி நிறுத்தச் சொல்லுங்கள். கேரள அரசின் கே-ஃபோன் 2023 ஜூன் 5-ல் தொடங்கிவைக்கப்பட்டது. மின்வாரியத்தின் கம்பத்தின் மேலேயே இழையைக் கொண்டு போகும் திட்டம் அது. கம்பத்தில் போவதால் மலையில் வேகமாக வரும், கம்பம் சாய்ந்தால் கரண்டோடு சேர்ந்து இதுவும் போகும். எங்கள் ஊரில் கம்பத்தின் மேல் மரம் சாய்வதற்குக் காற்றும் வேண்டியதில்லை, யானை போதும். 2023 ஏப்ரல் 29-ல் அரிக்கொம்பனைப் பிடித்துக்கொண்டு போனதை நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அது போனாலும் மற்ற யானைகள் இங்கேதான் இருக்கின்றன. விடிகாலையில் எந்தப் பாதையில் யானை நிற்கிறது என்ற செய்தி வாட்ஸ்அப்பில்தான் வருகிறது, தோட்டத்துக்குப் போகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறக்கிறார்கள்.

அதனால் ரூட்டரை வாங்கும் பணத்தில் ஒரு பங்கைக் கரண்டுக்கு ஒதுக்குங்கள் என்கிறேன். பெரும்பாலான ரூட்டர் 12 வோல்ட்டில் ஓடுவது, ஒரு ஆம்பியர், ஒன்றரை ஆம்பியர் போதும். அதற்கென்றே கையடக்கமான சின்ன யூ.பி.எஸ். கிடைக்கிறது. கரண்ட் போனால் மூன்று நான்கு மணி நேரம் தாங்கும், வோல்ட்டேஜ் ஏறி இறங்குவதையும் வடிகட்டும். அடாப்டரின் வோல்ட் ரூட்டருக்கு அடியில் எழுதியதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தேனிக்காரர்கள் கண்டதும் இதைத்தான். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மண் சரிந்து 70 உயிர்கள் போனபோது, கரண்டும் போனும் ஏற்கெனவே அற்றுப்போயிருந்தன. வெளியே செய்தி வந்ததே மறுநாள் காலையில்தான். வீட்டு ரூட்டருக்குப் பேட்டரி இருந்தால் மட்டும் அப்படிப்பட்ட இரவில் போதாது, மேலே கோபுரத்திலும் இருக்க வேண்டும். ஆனால் சாதாரணப் புயல் இரவுகள் வருஷத்துக்கு முப்பது வருகின்றனவே, அவற்றுக்குப் போதும்.

பூட்டு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2008 ஜூலை 26 அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் குடியிருந்த சம்பந்தமில்லாத ஒரு வெளிநாட்டவரின் பூட்டாத வை-ஃபை வழியாகப் போயிருந்தது. போலீஸ் முதலில் வந்து நின்றது அவர் வாசலில். எனவே கடவுச்சொல் போடாமல் விடக் கூடாது. பூட்டிலும் தரம் உண்டு. 'வெப்' என்ற பழைய பூட்டு 2001-லேயே உடைபட்டது. 2004-ல் வந்த 'டபிள்யு.பி.ஏ. 2', 2018-ல் வந்த 'டபிள்யு.பி.ஏ. 3', இவை இரண்டில் ஒன்று இருக்க வேண்டும். ரூட்டரின் உள்ளமைப்புக்கு 'அட்மின்' என்று கம்பெனி போட்டுக் கொடுத்த கடவுச்சொல்லையும் மாற்ற வேண்டும், இதைத்தான் யாரும் செய்வதில்லை. விருந்தினருக்குத் தனி இணைப்பு கொடுக்கும் வசதி பெரும்பாலான ரூட்டரில் இருக்கிறது, ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள் அதைப் பயன்படுத்தினால் கடைக் கணக்குக் கணினி தப்பும்.

எங்கள் வீட்டுக் கதையின் மிச்சம் இதுதான். பேத்தியின் தாளை வைத்துக்கொண்டு நானும் மகனும் உட்கார்ந்தோம். கருங்கல்லோடு சண்டை போடுவதை விட்டுவிட்டு, கடையிலிருந்து பின்னறை வரை 'கேட் 6' கம்பி ஒன்றைச் சுவரோரமாக வீட்டுக்கு உள்ளாகவே இழுத்தோம், மொத்தம் இருபத்தெட்டு மீட்டர். இந்த வகைக் கம்பி நூறு மீட்டர் வரை போகலாம். வெளியே தகரத்துக்கு மேலாக இழுத்தால் சுலபம்தான், இடிக்கு அது அழைப்பிதழ் ஆகிவிடும். அதன் நுனியில் ஆறு கொம்பு நண்டை வைக்கவில்லை. பரணில் கிடந்த பழைய டூயல் பேண்ட் ரூட்டர் ஒன்றைத் துடைத்து மாட்டினோம். மகன் அதன் உள்ளே போய் முகவரி கொடுக்கும் வேலையை அணைத்து, வேறொரு முகவரி எண் கொடுத்து, கம்பியை லேன் துளையில் சொருகினான். ஒரு வீட்டில் தபால் பிரிக்கிறவர் ஒருத்தர்தான் இருக்க வேண்டும். இரண்டாவது பெட்டி வெறும் வானலை மட்டும் கொடுக்கும். இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். கம்பிக்கும் நுனிக்கும் சேர்த்து எழுநூறு ரூபாய்க்குள் முடிந்தது. பின்னறையில் மைனஸ் 41.

பதினாலு மாதம் இருந்தார்கள். மருமகள் அந்த அறையிலிருந்தே வேலை பார்த்தாள், பேரன் அங்கேதான் ஐந்தாம் வகுப்பை முடித்தான். ஆறு கொம்பு ரூட்டரைத் திருப்பி எடுத்துக்கொள்ளக் கடைக்காரர் மறுத்துவிட்டார், அது கடையிலேயே இருக்கிறது, இரண்டு கொம்பு மட்டும் நிமிர்ந்தபடி. இந்தக் கட்டுரையைப் பின்னறையில் உட்கார்ந்துதான் தட்டச்சு செய்கிறேன். பழைய ரூட்டர் வைத்திருப்பவர்கள் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட வேண்டாம், அதன் அடாப்டரையும் சேர்த்துக் கட்டிப் பரணில் வையுங்கள்.